கழற்ற முடியாத கவசம்: குமரி மாவட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகர்கோவிலை ஒட்டிய ஒரு கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் நான்கு பேர், ஜனவரிக் கடைசியில் நடக்கும் கலைவிழாவுக்காக விண்வெளிப் படைவீரரின் முழுக் கவசம் ஒன்றைச் செய்ய முடிவெடுத்தார்கள். வீடியோ கேமில் வரும் கவசம் அது. தலைக்கவசம், மார்பு, முதுகு, வயிறு, தோள், முன்கை, தொடை, கெண்டைக்கால் என்று ஓர் இடம் விடாமல் மூடும். அதை அச்சு அசலாகச் செய்து, போட்டுக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வேலை செப்டம்பரில் தொடங்கியது.

அணியப்போகிறவர் 178 செ.மீ. உயரம், நல்ல உடற்கட்டு. இன்னொருவர் வடிவங்களை வெட்டுவதில் கெட்டிக்காரர். மூன்றாமவர் வண்ணம் அடிப்பவர். நான்காமவருக்கு என்று தனி வேலை எதுவும் முதலில் இல்லை. பின்னால் அவருடைய வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியமானதாக ஆனது.

நான் மேடை வேடங்களும் அதற்கான பொருட்களும் செய்கிறவன். முதல் முழு ஒத்திகையைப் பார்த்து யோசனை சொல்ல என்னை அழைத்தார்கள். அன்றிலிருந்து விழா முடிந்த பிறகும் கூடவே இருந்தேன். அதற்கு முந்தைய பகுதியை அவர்கள் சொன்னதையும், வேலை நடக்கும்போது எடுத்து வைத்திருந்த படங்களையும் வைத்து எழுதுகிறேன். நால்வருக்கும் இதில் சம்மதம். அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும் என்பதில் அணிந்த மாணவருக்கே அதிக அக்கறை.

முதல் வழி: காகிதமும் ரெசினும்

கவசத்தின் கணினி வடிவத்தைத் தட்டையான துண்டுகளாகப் பிரித்து, கெட்டிக் காகிதத்தில் அச்செடுத்து, மடித்து ஒட்டினால் கவசத்தின் உருவம் கிடைத்துவிடும். வெளிப்புறம் பாலியெஸ்டர் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) பூசிக் கெட்டியாக்கி, உள்பக்கம் ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து மறுபடி ரெசின் பூச வேண்டும். அப்புறம் கார் பட்டறையில் செய்வது போலப் பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். உலகம் முழுக்கப் பலர் கவசம் செய்யத் தொடங்குவது இப்படித்தான்.

குமரிக் கடற்கரையில் ரெசினுக்கும் மேட்டுக்கும் பஞ்சமில்லை. குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் உண்டு. அப்படி ஒரு தொழிலாளி மாணவர்களுக்கு நல்ல ஆசிரியராக அமைந்தார். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை அளந்து விடவும், அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் தொடாமலிருக்கவும் அவர்தான் பழக்கினார். காய்ந்த ஃபைபரைத் தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும் என்றும் சொன்னார். அந்தத் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாளைக்கு அரிக்கும். நுரையீரலுக்குள் போகவே கூடாது.

கெடுத்தது காகிதம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஒட்டி வைத்திருந்த மார்புப் பகுதி ஒரே இரவில் ஈரம் இழுத்துத் தொய்ந்தது. இடது தோள் வலது தோளைவிடக் கீழே இறங்கி நின்றது. அதன் மேல் ரெசின் பூசினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். போதாததற்கு ஈரக்காற்றில் ரெசினின் மேல்பரப்பு காயாமல் பிசுபிசுவென்றே இருந்தது.

ஒரு மேட் மட்டும் வைத்துச் செய்து பார்த்த கெண்டைக்கால் துண்டின் எடையிலிருந்து கணக்குப் போட்டார்கள். முழுக் கவசமும் ஃபைபரில் செய்தால் தூக்கி நடக்கவே சிரமம் என்று புரிந்தது. வள்ளத் தொழிலாளியும் அதையேதான் சொன்னார்: "தலைக்கு மட்டும் இதை வச்சுக்க மக்கா. மத்ததெல்லாம் வேற ஏதாவது பாரு. இது தண்ணியில மிதக்கதுக்குச் செய்யுத சாமான், தோள்ல தூக்கதுக்கு இல்ல."

தலைக்கவசம் மட்டும் ஃபைபரில் என்று முடிவானது. அது சரியான முடிவு. கீழே விழுந்தால் தாங்க வேண்டியதும், வடிவம் இம்மியும் மாறக்கூடாததும் தலைக்கவசம்தான்.

செருப்பு ஷீட்

மற்ற பகுதிகளுக்கு ஈவா ஷீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ரப்பர் செருப்பின் அடிப்பாகத்துக்கும், குழந்தைகள் விளையாடும் பூட்டுப் பாய்க்கும், யோகா பாய்க்கும் இந்தப் பொருளைப் பயன்படுத்துவதுண்டு. எத்திலீன் வினைல் அசிடேட் என்பதன் சுருக்கமே ஈவா. உள்ளே கோடிக்கணக்கான மூடிய காற்றறைகள் இருக்கும், அதனால் எடை குறைவு. சூடு காட்டினால் வளையும். ஆறியதும் வளைந்தபடியே நிற்கும்.

செருப்புக்கான மூலப்பொருள் விற்கும் கடையில் 10 மி.மீ., 5 மி.மீ. ஷீட்டுகள் கிடைத்தன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செருப்பு ஷீட்டும் பாய் ஷீட்டும் பெயரில்தான் ஒன்று. ஆள் எடையைத் தாங்கவே செய்வதால் செருப்பு ஷீட் அடர்த்தியானது, கையில் எடுத்தாலே கனம் தெரியும். பாய் ஷீட்டை விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழும். மாணவர்கள் முதலில் எல்லாவற்றையும் செருப்பு ஷீட்டிலேயே வெட்டினார்கள். கெட்டியாக, அழகாக வந்தது. தலைக்கவசமும் சேர்த்து மொத்த எடை சுமார் 11 கிலோ.

வேலை நேர்த்தி என்னை வியக்க வைத்தது. மார்புத் தகட்டின் ஓரங்களைக் கட்டர் கத்தியால் 45 டிகிரி சாய்வில் வெட்டி, இரண்டு சாய்வும் சேருமிடத்தில் கூர்மையான மூலை வரும்படி ஒட்டியிருந்தார்கள். நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை பிளேடின் நுனியை ஒடித்துப் புதுமுனை எடுத்திருக்கிறார்கள். மழுங்கின பிளேடு ஈவாவை அறுக்காது, பிய்க்கும். தகடுகள் சேருமிடம் போலத் தெரியும் பள்ளக் கோடுகளுக்குக் கத்தியால் மெல்லக் கீறி ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி) காட்டியிருந்தார்கள்; சூடு பட்டதும் கீறல் தானாக வாய் திறந்து பள்ளமாகும். வண்ணத்துக்கு முன்னால் எல்லாத் துண்டுகளிலும் மேல்தோல் லேசாகப் பளபளக்கும்வரை ஹீட் கன் ஓட்டி, துளைகளை மூடியிருந்தார்கள்.

மழையும் பசையும்

ஈவாவை ஒட்ட நம்மூர்த் தச்சர்கள் சன்மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் எஸ்.ஆர். பசையே போதும். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, பிறகு அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். பிரித்து மறுபடி ஒட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் மழை நாளில் ஒட்டிய இணைப்புகள் சில, வாரம் கழிந்ததும் வாய் பிளந்தன. காரணத்தைக் கண்டுபிடித்தவர் வடிவம் வெட்டும் மாணவர்தான். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு நீர் படிகிறது. தடவிய பசை மினுமினுப்பு இல்லாமல் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. மேலே அழுத்தினாலும் நடுவில் நீர்ப்படலம் நிற்கிறது.

அதன்பின் மழை நாளில் ஒட்டும் வேலையை நிறுத்தினார்கள். தவிர்க்க முடியாதபோது, கரைப்பான் முழுக்க ஆவியான பிறகு பரப்பை லேசாகச் சூடாக்கி ஒட்டினார்கள். ஈரப்பசையின் பக்கத்தில் ஹீட் கன் கொண்டுபோவது தீயை அழைப்பது. அந்த ஆவியைச் சுவாசிப்பதும் கெடுதல். கதவு ஜன்னல் திறந்த இடத்தில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும். மழை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு ஒட்டவே கூடாது.

இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். குலசேகரம் பக்கம் வீடுள்ள ஒருவர், 60 சதவீதம் ரப்பர் உள்ள ரப்பர் பாலை வாங்கி வந்து ஈவாவின் மேல் பூசிப் பார்த்தார். இழுத்தாலும் வளைத்தாலும் விரிசல் விடாத நல்ல தோல் கிடைத்தது. ஆனால் அதன் மேல் அடித்த அக்ரிலிக் வண்ணம் பிடிக்கவில்லை, மடிப்பில் உதிர்ந்தது. நிறத்தைப் பாலிலேயே கலந்து பூசியபோது நின்றது. ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாமை தரும். உடம்பில் படும் உள்பக்கத்தில் பூசாமல் விட்டது புத்திசாலித்தனம்.

அளவு எடுத்த விதம்

அணிபவரை டீ-ஷர்ட்டோடு நிமிர்ந்து நிற்கவைத்து உயரமும் மார்பளவும் எடுத்திருந்தார்கள். கேமில் வரும் வீரனின் உயரத்தோடு இவருடைய உயரத்தை ஒப்பிட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கினார்கள்.

கேமிலும் படங்களிலும் வரும் வீரர்களின் உடம்பு மனித உடம்பு அல்ல. கால்கள் நீளம், தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம், தலை சிறிது. உயரத்தை வைத்துச் சுருக்கினால் தலைக்கவசத்துக்குள் மனிதத் தலை போகாது. தலைக்கு ஏற்ப அதை மட்டும் பெரிதாக்கினால் உருவம் பொம்மை மாதிரி ஆகிவிடும். அனுபவசாலிகள் தலைக்கவசத்தை முதலில் முடிப்பது இதனால்தான். தலையைச் சுற்றி இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டு அதைச் செய்துகொண்டு, அந்தப் பெரிய தலைக்கு ஈடாகத் தோளையும் மார்பையும் அகலப்படுத்தி, தொடைக்கும் காலுக்கும் ஆளின் சொந்த அளவைக் கொடுப்பார்கள்.

மாணவர்கள் இதைத் தாங்களாகவே பாதி கண்டுபிடித்து, தோளை அகலமாக்கியிருந்தார்கள். வயிற்றுத் தகடு மட்டும் பழைய விகிதத்திலேயே, மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரே துண்டாக, கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படத்தில் ஒரு குறையும் தெரியாது.

முதல் முழு ஒத்திகை

நவம்பர் கடைசியில், தகரக் கூரை போட்ட ஒரு சமூகக் கூடத்தில், பிற்பகலில் நடந்தது. காலையில் மழை பெய்து ஓய்ந்து, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மின்விசிறிகள் இருந்தன, ஆனால் படம் எடுக்கிற இடத்துக்கு அவற்றின் காற்று எட்டவில்லை.

அணிவிக்க இரண்டு பேர் சேர்ந்து ஏறக்குறைய அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். பாலியெஸ்டர் உள்ளாடை, அதன் மேல் கால்கள், தொடைகள், வயிறு, மார்பும் முதுகும், தோள், கை, கடைசியில் தலைக்கவசம். கழுத்து வளையம் தலைக்கவசத்தோடு இரண்டு திருகாணிகளால் பூட்டப்பட்டது. திரும்பும்போது தலை தனியாக ஆடாமல் இருக்க அப்படிச் செய்திருந்தார்கள். முகத்திரை கருப்பு அக்ரிலிக், அதன் மேல் கார் கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிம்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. நடந்தார், திரும்பினார், துப்பாக்கியைப் பிடித்து நின்றார். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. காலடி தெரியாததால் மேடைப் படியில் ஒவ்வொரு காலாகத் தடவி இறங்கினார். உட்காரச் சொன்னபோது வயிற்றுத் தகடு மேலே ஏறி மார்புத் தகட்டைத் தூக்க, அது கழுத்து வளையத்தைத் தள்ள, வளையம் தொண்டையில் முட்டியது. உடனே எழுந்துகொண்டார்.

இருபது நிமிடத்துக்கு மேல் ஆனபோது நண்பர்களில் ஒருவர், "லேய், ஓகேயா?" என்று கேட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்கள், மறுபடியும் கட்டைவிரல். அந்த விரல் உயர எடுத்துக்கொண்ட நேரம் முதல் தடவையைவிட அதிகம். அடுத்த போஸுக்காக வலப்பக்கம் திரும்பச் சொன்னார்கள், அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது இடப்பக்கம் திரும்பினார்.

அங்கே ஒத்திகையை நிறுத்தினோம். சுவரோரம் சாய்த்து உட்காரவைக்கப் பார்த்தபோது தொண்டையில் வளையம் முட்டியது. நின்றபடியே கழற்ற வேண்டியதாயிற்று. திருகாணிகள் இரண்டும் முதுகுத் தகட்டின் ஓரத்துக்குள் ஒளிந்திருந்தன. முதுகை எடுக்காமல் அவற்றைத் திருக முடியாது. முதுகை எடுக்க விலாப்பக்கத்து வெல்க்ரோவைப் பிரிக்க வேண்டும். அது தோள் தகட்டுக்கு அடியில் இருந்தது. தோள் தகட்டின் பக்கிள் பின்பக்கம் பார்த்திருந்தது. அவசரத்தில் இரண்டு பேர் கை ஒன்றோடொன்று மோதியது. தலைக்கவசம் கழல மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது.

முகம் சிவந்து, உதடு உலர்ந்து, உள்ளாடை பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. தலைசுற்றல், குமட்டல். பெயரைக் கேட்டதும் சொன்னார், இடமும் நேரமும் தெரிந்தது. மின்விசிறிக்கு அடியில் படுக்கவைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரத்துண்டால் கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்தோம். குமட்டல் அடங்கியபின் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். பிறகு பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். வெப்பச் சோர்வு என்று சொல்லி, சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் கல்லூரிக்குப் போனார்.

பேச்சு குழறியிருந்தாலோ, ஆள் தெரியாமல் உளறியிருந்தாலோ, மயங்கியிருந்தாலோ அது வெப்பத்தாக்கு. உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நிலை அது. அப்போது தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடம்பைக் குளிர்வித்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும். சொன்ன பக்கத்துக்கு மாறாகத் திரும்பியது அந்த நிலையின் வாசல் என்றே நான் நினைக்கிறேன். மூன்று நிமிடம் என்பது அந்த வாசலில் நிற்கிறவருக்கு நீண்ட நேரம்.

துண்டுகளைப் பரப்பிப் பார்த்தபோது

அன்று மாலையே எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பிப் பார்த்தோம். வெப்பம் சேர்ந்ததற்கான காரணம் எளிது. உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. ஈவா காற்றையும் விடாது, நீராவியையும் விடாது. வெப்பத்தையும் வெளியே போகவிடாது. கடலோர மாவட்டத்தில் மழை முடிந்த பிற்பகலில் வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். உள்ளே வியர்வை கொட்டுகிறது, ஆனால் ஆவியாவதில்லை. அதாவது உடம்பு நீரை இழக்கிறது, குளிர்ச்சி கிடைப்பதில்லை.

தலைக்கவசத்துக்குள் மூச்சு வெளியே போக வாய்க்கு நேரே இருந்த வரிகள் வெறும் அலங்காரம். பின்னால் ஃபைபர் மூடியிருந்தது. முகத்திரையில் பனி படிந்ததால் கடைசி ஐந்து நிமிடம் எதுவும் தெரியவில்லை என்று அவர் பிறகு சொன்னார்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை என்பது. வெயிலில் வேலை செய்கிறவரின் முகத்தைப் பார்த்தே "போதும், நிழலுக்கு வா" என்று சொல்லிவிடுவோம். இங்கே நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தது வண்ணம் அடித்த ஃபைபரை. கட்டைவிரல் உயர்த்துவது பழக்கத்தில் வரும் அசைவு. தலை சுற்றும்போதும் கை தானாகச் செய்துவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

கவசத்தைக் கைவிடுவதா என்ற பேச்சு முதலில் வந்தது. அணிந்தவரின் அம்மா வேண்டாம் என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் அணிந்தவரே அரை நிமிடத்துக்குள் தலையையும் மார்பையும் கழற்றிக் காட்ட வேண்டும், காட்டினால் தொடரலாம் என்று அவர் முன்னாலேயே பேசி முடிவு செய்தோம். இந்த ஒரு நிபந்தனையே மற்ற எல்லா முடிவுகளையும் தீர்மானித்தது.

கழுத்துத் திருகாணிகளை எடுத்துவிட்டோம். தலைக்கவசத்தின் விளிம்பிலும் வளையத்திலும் காந்தங்கள் வைத்தோம். தலை திரும்பும்போது ஒட்டி நிற்கும், இரண்டு கையால் தூக்கினால் வந்துவிடும். கன்னப்பகுதியில் விரல் நுழைய ஓரம் விட்டோம். கையுறை போட்ட கைக்கு வழுவழுப்பான ஃபைபரில் பிடிமானம் கிடைக்காது.

மார்பையும் முதுகையும் இணைத்த வெல்க்ரோவுக்குப் பதில் பள்ளிப் பைகளில் வரும் கிளிப் பக்கிள்கள். அவையும் பின்னால் இல்லை, முன்பக்கம் விலாவோரம், அணிபவரின் கைக்கு எட்டும் இடத்தில். வெளியே தெரியக் கூடாதே என்று வண்ணம் அடிப்பவர் வருத்தப்பட்டார். அதன் மேல் ஒரு சிறு மூடித்தகட்டைக் காந்தத்தால் நிறுத்தி அவரே அதற்கு வழி கண்டார். தோள் தகடுகள் தனித்தனியாகத் தொங்குவதை மாற்றி மார்புத் தகட்டோடு சேர்த்துவிட்டோம். ஒன்றைக் கழற்றினால் மூன்றும் வரும்.

வயிற்றுத் தகட்டை அறுப்பதுதான் மனதுக்குக் கஷ்டமான வேலையாக இருந்தது, ஏனென்றால் அது அவர்கள் செய்ததிலேயே அழகான துண்டு. குறுக்கே மூன்று பட்டைகளாக வெட்டி, மேலுள்ளது கீழுள்ளதன் மேல் ஏறும்படி, உள்ளே அகல எலாஸ்டிக்கால் கோத்தோம். உட்காரும்போது ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கும், நின்றதும் விரியும். கேமில் இல்லாத இரண்டு கோடுகள் கூடின. அசலிலிருந்து விலகல்தான், ஆனால் உட்கார முடியாத கவசத்தில் ஆள் ஓய்வெடுக்கவே முடியாது.

எடையைக் குறைக்க மார்பு, முதுகு, தொடை மூன்றையும் பாய் ஷீட்டில் புதிதாக வெட்டினார்கள். கெண்டைக்காலும் இடுப்புப் பட்டையும் இடிபடும் இடங்கள் என்பதால் செருப்பு ஷீட்டிலேயே இருந்தன. மொத்தம் சுமார் 7 கிலோவுக்கு இறங்கியது. அந்த எடையும் தோளில் மட்டும் தொங்காமல், அகல நாடா தைத்த பருத்தி உள்சட்டை ஒன்று தையற்காரரிடம் தைத்து, தொடைகளை இடுப்புப் பட்டையிலிருந்து தொங்கவிட்டோம்.

புதிய துண்டுகளுக்கு அளவெடுக்க அணிபவரையே அச்சாக்கினோம். உள்சட்டையோடு நிற்கவைத்து மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே பேக்கிங் டேப்பை இறுக்காமல் அடுக்கடுக்காக ஒட்டி, முதுகில் வெட்டி எடுத்து, பழைய செய்தித்தாளைத் திணித்தால் அவர் அளவில் ஓர் உடல் கிடைக்கும். துண்டுகளை அதில் வைத்துப் பார்த்து வெட்டலாம். வெட்டியதை அணிபவர் மேல் வைத்து உட்கார்ந்து, குனிந்து, கை தூக்கி, படியேறி மறுபடி பார்த்தோம். இரண்டும் வேண்டும், டேப் உடல் உட்காராது.

காற்றுக்கு, வாய் வரிகளின் பின்னாலிருந்த ஃபைபரை அறுத்து வலை வைத்தோம். 40 மி.மீ. அளவுள்ள 5 வோல்ட் விசிறிகள் இரண்டு: ஒன்று தாடைக்குப் பக்கத்தில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், மற்றொன்று உச்சியின் பின்பக்கம் சூட்டை வெளியே தள்ளும். பவர் பேங்க் தலையில் இல்லை, இடுப்புப் பட்டையில். சூடேறினால் பிடுங்கி எறிய வசதி. முகத்திரையில் பாத்திரம் கழுவும் திரவத்தை மெல்லியதாகத் தடவித் துடைத்தால் பனி படிவது குறையும். திரையின் ஃபிலிமையும் மாற்றினோம். இரண்டடி தூரத்தில் நின்றால் கண் தெரிய வேண்டும் என்பது அளவு.

குளிர்விக்கும் ஜெல் பைகளை உள்ளே வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவை கரைந்தபின் வெறும் சுமை என்பதாலும், குளிர்ச்சி இருக்கிற தைரியத்தில் நேரத்தை நீட்டத் தோன்றும் என்பதாலும் வேண்டாம் என்றோம்.

இனி நான்காமவர். அவருக்கு ஒரே வேலை: அணிபவரின் பக்கத்தில் நிற்பது. படம் எடுக்கக் கூடாது, வேறு எதிலும் கவனம் போகக் கூடாது. படியிறங்கும்போது முழங்கையைப் பிடிப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரைக்குள் கண்ணைப் பார்த்து, வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேட்பார். "ராத்திரி என்னடே சாப்ட்ட?" "உங்க அக்கா எந்தூர்ல இருக்கா?" பதில் தாமதமானாலோ பொருந்தாமல் வந்தாலோ விவாதமே கிடையாது, தலைக்கவசம் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு முறைக்கு இருபது நிமிடம் உச்சவரம்பு. அதற்குப் பின் தலையும் மார்பும் கழற்றி, தண்ணீர் குடித்து, குறைந்தது அதே அளவு நேரம் ஓய்வு.

டிசம்பர் நடுவில் அம்மா முன்னால் கழற்றிக் காட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னொரு மட்டம் செய்யி மக்ளே" என்றார். இரண்டாம் முறை முதலாவதைவிட வேகமாக வந்தது. சம்மதித்தார்.

விழா நாள்

விழாவில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குள், மேடை ஏறினார். முதல் முறை இறங்கும்போது இடது கெண்டைக்காலின் எலாஸ்டிக் பிய்ந்து தகடு பாதத்தின் மேல் விழுந்தது. நான்காமவர் முழங்கையைப் பிடித்திருந்ததால் தடுக்கி விழவில்லை. எலாஸ்டிக்கை ஈவாவில் நேரடியாக, பசையை உருக்கி விடும் குளூ கன்னால் ஒட்டியிருந்தார்கள். துணியை இடையில் வைத்து எஸ்.ஆர். பசையால் ஒட்டி, அந்தத் துணியில் எலாஸ்டிக்கைத் தைத்திருந்தால் இழுவை ஒரே புள்ளியில் விழுந்திருக்காது. ஓய்வு நேரத்தில் அப்படியே செய்து இரண்டாம் முறைக்குத் தயாரானார்கள்.

இரண்டாம் முறை கூட்டம் நெருங்கி வந்து செல்ஃபி எடுக்கத் தொடங்கியபோது நேரம் மீறப் பார்த்தது. நான்காமவர் கூட்டத்தை விலக்கி அழைத்துப்போனார். சிலர் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. அறைக்குள் தலைக்கவசத்தை எடுத்தபோது முகம் வியர்த்திருந்தது, ஆனால் பேச்சும் சிரிப்பும் தெளிவாக இருந்தன.

காற்றாலைகளுக்கு நடுவே

பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் பின்னணியில் படமெடுக்கப் போனார்கள். விண்வெளிக் கவசத்துக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி இந்த மாவட்டத்தில் இல்லை. காலை வெயில் ஏறுமுன் முடிப்பது, பத்து நிமிடம் அணிந்தால் இருபது நிமிடம் கழற்றி வைப்பது என்று திட்டம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாதிப்பு கவசத்துக்கு. வேலை முடிந்ததும் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் காரின் பின்பெட்டியில் அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கார் மதிய வெயிலில் மூடி நின்றது. திரும்பி வந்து பார்த்தால், அடியிலிருந்த வலது தோள் தகடு சப்பிப் போயிருந்தது. குளூ கன்னால் ஒட்டியிருந்த உள் மெத்தைகள் எல்லாம் கழன்று கிடந்தன. ஈவாவை வளைப்பது சூடும் அழுத்தமும்தான். மூடிய கார் இரண்டையும் கொடுக்கிறது. தோள் தகட்டை ஹீட் கன்னில் இளக்கி, சரியான அளவுள்ள பானையின் மேல் கவிழ்த்து ஆறவிட்டதில் பெரும்பாலும் பழைய வளைவு திரும்பியது. ஓரத்தில் ஒரு சுருக்கம் இன்னும் இருக்கிறது.

மார்ச்சில் பெட்டியைத் திறந்தபோது தலைக்கவசத்தின் உள் ஸ்பாஞ்சில் பூஞ்சை. வியர்வை முழுக்க உலருமுன் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்ததன் விளைவு. இரும்பு டிச் பட்டன்கள் துருப்பிடித்திருந்தன. கடற்காற்றுள்ள ஊரில் பித்தளைப் பட்டன்தான் நிற்கும்.

இப்போது செய்துகொண்டிருப்பது

அதே குழு இரண்டாவது கவசத்தைத் தொடங்கியிருக்கிறது. அணியப்போகிறவர் 160 செ.மீ. உயரமுள்ள ஒரு மாணவி. இந்த முறை வேலையின் வரிசையே வேறு. ஷீட்டைத் தொடுமுன் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி முழு உருவமும் செய்து, அதில் அவர் உட்கார்ந்து, படியேறி, கை தூக்கிப் பார்த்தாயிற்று. கெண்டைக்கால் தகடு முழங்காலின் பின்மடிப்பில் வெட்டியதும், மார்புத் தகட்டின் கீழ் ஓரம் இடுப்பெலும்பில் முட்டியதும் அட்டையிலேயே தெரிந்துவிட்டது. பக்கிள்களும் காந்தங்களும் வண்ணத்துக்கு முன்னால் வைக்கப்படுகின்றன. கழற்றும் பயிற்சி, வண்ணம் அடிக்காத துண்டுகளோடு, வாரம் ஒருமுறை நடக்கிறது. உள் மெத்தைகள் எல்லாம் வெல்க்ரோவில், துவைக்க எடுக்கும்படி. துண்டுகளுக்கு மரச்சட்டம் அடித்த பெட்டி ஒன்றும் தயாராகிறது, ஒன்றின் மேல் ஒன்று உட்காராதபடி.

ஒட்டும் வேலையை மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் வேலைக்கு இந்த முறையும் அந்த நான்காமவரே. மாணவியின் தங்கையும் அவரிடம் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். உள்சட்டையோடு கழற்ற வேண்டிய அவசரம் வந்தால் பக்கத்தில் பெண் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்டது அணியப்போகிற மாணவியேதான்.